பயத்துக்கு என்ன மென்பொருள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய திகில் படங்களைத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். மெதுவான எடிட்டிங், பளிச்சென்று தெரியும் ஒப்பனை. இருந்தும் அவற்றின் ஒலி இன்றைக்கும் உலுக்குகிறது. இப்போது லேப்டாப்பைத் திறந்தால் ஆயிரக்கணக்கான ஒலிகள் தயாராக இருக்கின்றன, ஆனால் அந்தப் பயம் வருவதில்லையே, ஏன்? ஒரு திகில் குறும்படம் எடுக்கப்போகிறேன். எந்த மென்பொருள் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மென்பொருளுக்குக் கடைசியில் வருகிறேன்.

1931இல் வந்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தைப் பாருங்கள். சினிமா பேச ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்த நேரம். நல்லவன் அரக்கனாக மாறும் காட்சிக்கு இயக்குநர் ரூபன் மமூலியன் வாத்தியக் குழுவைக் கூப்பிடவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிவிட்டுத் தன் இதயத்துடிப்பையே பதிவு செய்தார். ஒரு காங் மணியை அடித்து, அடி விழும் முதல் கணத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு, மிச்ச அதிர்வைத் தலைகீழாக ஓட்டினார்.

அந்த வெட்டில்தான் விஷயம் இருக்கிறது. நம் காது ஒரு ஒலியை அடையாளம் காண அதன் தொடக்கத்தைத்தான் பெரிதும் நம்புகிறது. சுத்தியல் பட்டதா, நரம்பு மீட்டப்பட்டதா என்பதெல்லாம் அந்தக் கண நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டால் மணியோசை மணியோசையாகக் கேட்காது. 1948 வாக்கில் பிரெஞ்சு வானொலியில் பியர் ஷெஃபர் மணியின் அடியை நீக்கிக் கேட்டுப் பார்த்ததும் இதே சங்கதிதான். எது எழுப்புகிறது என்று பிடிபடாத ஒலி வந்தால் உடம்பு தானாக உஷாராகிவிடுகிறது. கருவி மின்சாரத்தில் ஓடுகிறதா என்பது அப்புறம்.

தெரமினுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கை படாமலே, காற்றில் விரல்களை அசைத்து வாசிக்கும் கருவி. 1945இல் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்தில் மிக்லோஷ் ரோஜா பயன்படுத்தியபோது கேட்டவர்களுக்குச் சில்லிட்டது. 1951இல் வேற்றுகிரகக் கதைகள் இரண்டில் வந்தது. அதற்குப் பிறகு பறக்கும் தட்டு இறங்கினாலே அந்த ஊளைதான் என்றாகி, இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. உங்கள் லேப்டாப் ஒலிகளுக்கும் அதே வியாதி. எல்லாரும் ஒரே தொகுப்பிலிருந்து எடுக்கிறார்கள். காது அவற்றை மனப்பாடம் செய்துவிட்டது.

‘ஃபர்பிடன் பிளானட்’ (1956) அறிவியல் புனைவுதான், ஆனாலும் அதில் வரும் அரக்கனுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். லூயிஸ், பேபி பேரன் தம்பதி தாங்களே சர்க்யூட் கட்டி, அது தாங்காத அளவுக்கு மின்சாரம் ஏற்றி, அது துடித்துக் கருகும் ஒலியை டேப்பில் பிடித்தார்கள். கருகியது கருகியதுதான், அதே ஒலி இன்னொரு முறை வராது. (இசைக்கலைஞர் சங்கத்தோடு வம்பு வேண்டாம் என்று டைட்டிலில் ‘இசை’ என்று போடவில்லை, ‘எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்’ என்று போட்டார்கள்!)

ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்துக்கு வழக்கமான பின்னணி இசையே கிடையாது. ஆஸ்கர் சாலா பெர்லினில் தன் டிராட்டோனியத்தில் பறவைக் கூச்சலை உருவாக்கினார். உலோகத் தண்டின்மேல் கட்டிய கம்பியை விரலால் அழுத்தி வாசிக்கும் கருவி அது. கட்டைகள் இல்லாததால் சுருதி வழுக்கிக்கொண்டே போகும். கடைசிக் காட்சியை ஹெட்போனில் கேளுங்கள். எங்கு பார்த்தாலும் பறவைகள் உட்கார்ந்திருக்க, குடும்பம் மெல்ல வெளியேறுகிறது. தாக்குதல் இல்லை, பெரிய கூச்சல் இல்லை. அடியில் தாழ்வாக ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது, மசாகி கொபயாஷியின் ‘க்வைதான்’ (1964), நான்கு பேய்க்கதைகளைக் கோத்த ஜப்பானியப் படம். இசை தோரு தகேமிட்சு. அதன் முதல் கதையில், பாழடைந்த வீட்டுக்குள் சாமுராய் அலறிக்கொண்டு ஓடுகிறான். உளுத்த பலகைகள் காலடியில் நொறுங்குகின்றன. நொறுங்கும் சத்தம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் வருவதே இல்லை. மரம் பிளக்கும் ஒலி, டேப்பில் உருமாறி, வேறொரு கணத்தில் வெடிக்கிறது. வெறும் மரம்தான், கண் பார்ப்பதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துவிட்டார். இவ்வளவு எளிய வேலையை இன்று ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

சரி, மென்பொருள். எதுவும் வாங்காதீர்கள், இலவச ஆடியோ எடிட்டரே போதும். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்தில் சிறுமியின் தலை திரும்பும் ஒலிக்கு கோன்சாலோ கவிரா முறுக்கியது ஒரு பழைய தோல் பர்ஸை. நீங்களும் போனில் ஒரு கதவையோ பாத்திரத்தையோ பதிவு செய்யுங்கள். தொடக்கத்தை வெட்டுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், அதையும் செய்து பாருங்கள். பிறகு காட்சியைக் காட்டாமல் நண்பர் ஒருவருக்குப் போட்டு, இது என்ன சத்தம் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால், இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.