அது நிறமில்லை, வயது: பழைய வீடியோ கேம் வாங்கியவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வீடியோ கேம் பற்றியவை. "சின்ன வயதில் லீவு விட்டால் போதும்..." என்று தொடங்கும் முதல் பத்தியை எல்லாக் கடிதங்களிலும் வெட்டிவிட்டேன். கோபிக்க வேண்டாம், எல்லோரும் ஒரே பத்தியைத்தான் எழுதியிருந்தீர்கள்.

கேள்வி: அட்டைப் பெட்டியில் '9999999 விளையாட்டுகள்' என்று போட்டிருந்தது. உட்கார்ந்து எண்ணினேன், ஏழுதான் தேறியது. இது ஏமாற்றுதானே?

பதில்: ஏமாற்றுதான். ஆனால் ஒரு கோடிக்கு ஒன்று குறைவாக விளையாட்டுகளை யார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று வாங்குவதற்கு முன் நீங்களும் ஒரு நொடி யோசித்திருக்கலாம். முதல் கட்டத்தில் தொடங்கினால் ஒரு பெயர், மூன்றாம் கட்டத்தில் தொடங்கினால் இன்னொரு பெயர் என்று ஒரே விளையாட்டைப் பட்டியலில் நீட்டியிருப்பார்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 1983ல் ஜப்பானில் வந்த, நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியின் நகல்கள். திறந்து பார்த்தால் சின்னப் பலகை, அதன்மேல் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று. மொத்த இயந்திரமும் அந்தச் சொட்டுக்குள்தான். ஏழில் இரண்டு விளையாட்டாவது பிடித்திருந்தால் விளையாடுங்கள்.

கேள்வி: வெளுத்த மஞ்சளில் ஒரு சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டி. 'அரிய தந்த நிறம்' என்று சொல்லி விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அது நிறமில்லை, வயது.

கேள்வி: கையில் வைத்து விளையாடும் கேம் பாய் அட்வான்ஸுக்குப் போகிமான் எமரால்டு கேசட் வாங்கினேன். 'ஒரிஜினல்' என்று விற்றவர் சத்தியம் செய்தார். நாற்பது மணி நேரம் விளையாடி முடித்த சமயத்தில் சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) மொத்தமும் காணோம். பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். என் மேல்தான் தப்பா?

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நாற்பது மணி நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது, பணத்தையாவது விடாமல் கேளுங்கள். அவர் சொல்லும் பேட்டரிக் கதையே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. அசல் எமரால்டில் பேட்டரி இருப்பது உள்ளே ஓடும் கடிகாரத்துக்காக. சேவ் தனியாக, பேட்டரி இல்லாமலே நிற்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். பேட்டரி தீர்ந்தால், தொடங்கும்போதே அதைச் சொல்லி, கடிகாரம் சார்ந்தவை மட்டும் இனி நடக்காது என்று ஒரு செய்தி வரும். சேவ் அப்படியே இருக்கும். போலிகளில் பலவற்றில்தான் சேவே பேட்டரியை நம்பி இருக்கிறது.

கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, தங்க நிறப் பற்கள் இருக்கும் வாயை உற்றுப் பாருங்கள். பற்களுக்குச் சற்று மேலே பலகையில் 'நின்டெண்டோ' என்ற எழுத்து தெரிய வேண்டும். அப்புறம், லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் மையில்லாமல் அழுத்திப் பதித்த சின்ன எண் ஒன்று தட்டுப்படும். இரண்டும் இல்லையென்றால் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால், நீங்கள் பணம் கட்டிய தளத்தில் அதே படங்களோடு புகார் போடுங்கள்.

கேள்வி: ஜப்பான் ஃபேமிகாம் ஒன்று அடாப்டர் இல்லாமல் வந்தது. வீட்டில் என்.இ.எஸ். (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) அடாப்டர் இருக்கிறது, முள் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டும் ஒரே கம்பெனிதானே, போடலாமா?

பதில்: போடாதீர்கள். நான் போட்டேன். ஒரு வாடை வந்தது, அவ்வளவுதான். என்.இ.எஸ்.ஸின் அசல் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏ.சி. அதை டி.சி.யாக மாற்றும் வேலையை என்.இ.எஸ். தனக்குள்ளேயே செய்துகொள்ளும். ஃபேமிகாமோ வாசலிலேயே 10 வோல்ட் டி.சி. கேட்கும். முள் பொருந்துவதை வைத்து முடிவெடுக்காமல், அடாப்டரின் முதுகில் இருப்பதைப் படியுங்கள். அசல் ஜப்பான் அடாப்டரே கிடைத்தாலும் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: 'நல்ல நிலையில் உள்ளது, சோதித்துப் பார்க்கவில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்து மெகா டிரைவ் (சேகா கம்பெனியின் விளையாட்டுப் பெட்டி) வாங்கினேன். விளக்கு எரிகிறது, படம் வரவில்லை. சோதிக்கவில்லை என்று முன்பே சொன்னேனே என்கிறார்.

பதில்: இந்த வார்த்தையைப் பற்றி எழுத வெகு நாளாகக் காத்திருந்தேன்.

'சோதித்துப் பார்க்கவில்லை' என்றால் பத்தில் ஒன்பது தடவை 'சோதித்தேன், ஓடவில்லை' என்றே நான் படிக்கிறேன். இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய சம்பளம் மூன்று கேம் பாய்கள். விளம்பரத்தில் எட்டுப் படங்கள் இருந்தன: முன்பக்கம், பின்பக்கம், ஓரம், மேசைமேல் சாய்த்து வைத்து ஒன்று. எட்டுப் படம் எடுக்க நேரம் இருந்த மனிதருக்கு நாலு டபுள்-ஏ பேட்டரி போட்டுப் பார்க்க நேரம் இல்லையாம். எட்டில் ஒன்றுகூட பேட்டரி மூடியைத் திறந்து எடுத்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வந்ததும் திறந்தேன். ஸ்பிரிங் மேலெல்லாம் வெள்ளைப் பொடி, அடியில் பச்சை. எந்தக் காலத்திலோ போட்ட பேட்டரி கசிந்து உலோகத்தைத் தின்றிருந்தது. இரண்டுக்கு உயிரே இல்லை. மூன்றாவதை வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துத் துடைத்து எழுப்பினேன். எழுந்தது, ஆனால் திரையில் மேலிருந்து கீழாக நாலு கோடுகள் காணாமல் போயிருந்தன. டெட்ரிஸில் கட்டை விழும்போது அந்த நாலு இடத்தில் மட்டும் கிழிந்து கிழிந்து விழும்.

இன்று நான் கேட்பது இரண்டுதான். விளையாட்டு ஓடும் திரை, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு படம். பேட்டரி அறை அல்லது கேசட் போடும் வாய், திறந்த நிலையில் இன்னொரு படம். 'டிவி இல்லை, கேபிள் இல்லை' என்று இழுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அல்லது பழுதான பொருளுக்கு என்ன விலையோ அதைச் சொல்வேன்.

சரி, உங்கள் விஷயம். 'சோதிக்கவில்லை' என்பதை மட்டும் போட்டிருந்தால் உங்கள் கை தாழ்ந்ததுதான். 'நல்ல நிலையில்' என்றும் எழுதியிருக்கிறாரே, பார்க்காமல் எப்படித் தெரிந்தது? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தை அவர் திருத்துவதற்குள் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கி வாங்கினேன். புது எல்.இ.டி. டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. திருப்பி அனுப்பட்டுமா?

பதில்: துப்பாக்கி பாவம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் அந்தக் கணத்திலேயே துப்பாக்கியின் கண்ணில் பட வேண்டும். புது டிவி படத்தைத் தாமதித்துக் காட்டும், வரைகிற விதமும் வேறு. பிக்சர் டியூப் டிவி தேடுங்கள்.

கேள்வி: சீல் உடைக்காத பழைய கேசட்டுகளை முதலீடாக வாங்கலாமா? கோடிக்கணக்கில் விற்கிறதாமே.

பதில்: 2021 ஜூலையில் சீல் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மை. அதே விளையாட்டு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதும் உண்மை. உங்களிடம் வருவது அந்த ஒரு கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும், நேற்று யாரோ ஹீட் கன் வைத்துச் சுற்றிய பிளாஸ்டிக்கோடு.

கேள்வி: கேசட்டை ஊதிப் போட்டால் ஓடுகிறதே, அதிலென்ன தப்பு?

பதில்: எச்சில். ஓடுவது ஊதியதால் அல்ல, வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதால். பற்களைத் துடைக்கப் பஞ்சுக் குச்சியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் 1987ல் வந்த தங்க நிற செல்டா கேசட் இருக்கிறது. அக்கா விளையாடிய சேவ் இன்னும் உள்ளே இருக்கிறது. பழுது பார்ப்பவர் 'பேட்டரி எப்போது வேண்டுமானாலும் போகும், மாற்றிவிடலாம்' என்கிறார். கொடுக்கட்டுமா?

பதில்: அவர் சொல்வது சரிதான், ஆனால் எமரால்டு போலில்லாமல் இதில் சேவைத் தாங்குவதே பேட்டரிதான், அதைக் கழற்றிய உடனே சேவும் போய்விடும். கேசட்டில் இருப்பதைக் கணினியில் நகலெடுக்கும் கருவி உங்களிடம் உண்டா, வேலை முடிந்ததும் சேவைத் திரும்ப ஏற்றித் தருவீர்களா என்று முதலில் அவரைக் கேளுங்கள். இரண்டில் எதற்கு முழித்தாலும் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உண்டு என்றால், நகல் எடுத்ததை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சால்டரிங் இரும்பு சூடாகட்டும். அதற்கும் முன்னால் அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். சேவ் அவருடையது.