காரின் முன் சட்டத்தைத் தடிமனாக்கியும் காலடித் தளம் உள்ளே தள்ளப்படுகிறதா?

வணக்கம் தம்பி. காரைக்குடியில் இறுதியாண்டுத் திட்டமாக 900 கிலோ சிறிய காரை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், 40% முகப்பு மட்டும் மோதும்படி கணினியில் ஓட்டுகிறீர்கள். முன் நீள்சட்டத்தை (முகப்பிலிருந்து காலடித் தளத்துக்கு அடிவரை நீளும் எஃகுச் சட்டம்) முழுக்கத் தடிமனாக்கியும் காலடித் தளம் உள்ளே வருகிறது என்கிறீர்கள்.

தடிமனாக்கியதே காரணமாக இருக்கலாம். அந்த வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 142 கிலோஜூல். கார் மோதும் தடுப்பு விழுங்கும் ஆற்றலை விட்டுவிட்டால், முகப்பு நசுங்கும் அரை மீட்டருக்குள் அதைத் தீர்க்கச் சராசரியாக 284 கிலோநியூட்டன் விசை வேண்டும். சிறிய காருக்கு அந்த அரை மீட்டர்தான் சொத்து. சட்டத்தின் முன் நுனி மடியாமல் விறைத்து நின்றால் விசை அப்படியே பின்னால் போய், தளத்துக்கு அடியில் சட்டம் வளையும் இடத்தை மடக்கிவிடும். நுனியைப் பழைய தடிமனுக்கே மாற்றி, மடிப்பு தொடங்கக் குறுக்குப் பள்ளங்கள் கொடுங்கள். பின் வளைவை மட்டும் வலுவாக்குங்கள்.

அதற்கு முன் ஹவர்கிளாஸ் ஆற்றலைப் பாருங்கள்; கணினி மாதிரியின் சிறு கட்டங்கள் பொய்யாக நெளிவதால் கணக்கில் சேரும் ஆற்றல் அது. மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எந்த முடிவையும் நம்ப வேண்டாம்.

இந்த 40% முகப்புச் சோதனையைக் கைவிடாதீர்கள். திருச்சி–ராமேசுவரம் சாலையில் முந்தும்போது நேரும் மோதல்களில் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம்தான் நொறுங்குகிறது. வளைவுப் பகுதியின் படத்தைப் பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.