அத்தை சொன்னதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 27. ஊர் முக்கூடல் பக்கம். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றித்தான் என்னை பி.ஏ. வரை படிக்க வைத்தாள். அதன்பிறகு குரூப் 4 எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோகிறது. போன தடவை என் சித்தி மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் அத்தை சொன்னாள்: “இவ இன்னும் பரீச்சை எழுதிக்கிட்டுதான் திரியுதா. பீடித் தட்டை எடுத்திருந்தா இந்நேரம் ஒரு கம்மலாவது வாங்கியிருப்பா.”

வைராக்கியம் வரட்டும் என்று அதை அப்படியே தாளில் எழுதி, படிக்கிற இடத்தில் ஒட்டினேன். முதலில் ராப்பகலாகப் படித்தேன். இப்போது அதைப் பார்த்தாலே படபடப்பு வருகிறது, படிப்பு ஓடவில்லை. அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். இந்த ஆத்திரத்தை வைத்து முன்னேற வழி உண்டா?

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு. முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபப்படுத்தியவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. நீங்கள் தினமும் அத்தையோடு மனசுக்குள் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறீர்கள். அப்புறம் படிக்கத் தெம்பு எங்கே இருக்கும்?

உங்கள் ஆத்திரத்தில் பாதி அத்தை மேல், மீதி அந்தக் ‘கொஞ்சம் கீழே’ மேல். எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை. அந்தக் கொஞ்சம் எந்தப் பகுதியில் போனது என்று நீங்கள் எழுதவே இல்லையே! போன தேர்வின் வினாத்தாளை எடுங்கள், தேர்வாணையம் வெளியிட்ட விடைகளோடு ஒப்பிடுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: படிக்காதது, படித்தும் குழம்பியது, நேரம் போதாமல் குத்துமதிப்பாக நிரப்பியது. 200 கேள்விக்கு 3 மணி நேரம். ஒன்றுக்கு 54 விநாடிதான். திறனறிவில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். கணக்கில் பயந்து ஆறு கேள்வியை விட்டிருந்தால் அங்கேயே 9 மதிப்பெண் காலி. அப்படி இருந்தால், தமிழை மறுபடி மறுபடி புரட்டுவதை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகக் கணக்கு போடுங்கள். பாடத்தின் மேல் எரிச்சல் வந்தால் வரட்டும், அந்த எரிச்சல் பரவாயில்லை.

சித்தி மகளுக்கு போன் போட்டு, அவள் எப்படித் தயாரானாள் என்று கேளுங்கள். கசக்கும்தான். ஆனால் உங்கள் சொந்தத்திலேயே விஷயம் தெரிந்த ஆள் அவள்.

அம்மாவிடம் இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை தேர்வு வரை பார்ப்பீர்கள் என்பதை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அதுவரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தால் கையில் நாலு காசு இருக்கும். வேலை இல்லாததைவிட, கைச்செலவுக்கு அம்மாவிடம் நிற்பதுதான் பலரை அதிகம் குன்ற வைக்கிறது; என்னிடம் வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

படபடப்பும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.