படகு வரையப் போகிறேன் என்கிறாளா உங்கள் மகள்?

பல மாதங்கள் கடலிலேயே தங்கிப் பயணிக்கும் பெரிய பாய்மரப் படகுகளை வடிவமைப்பதுதான் தன் வேலை என்று மகள் முடிவெடுத்துவிட்டாள், இதை நம்பி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம் அம்மா. ஆனால் படகு வடிவமைப்பு என்று மட்டும் பெயர் போட்ட குறுகிய படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். முதலில் கப்பல் கட்டுமானப் பொறியியல், அதாவது நேவல் ஆர்க்கிடெக்சர். பாய்மரப் படகை மட்டுமே வரையும் அலுவலகங்கள் உலகெங்கும் சிறியவை, வேலையிடங்களும் குறைவு. அகலமான பட்டம் கையில் இருந்தால் கப்பல் கட்டும் தளம், கப்பல்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனம், கடலில் காற்றாலை நிறுவும் கப்பல்கள் என்று வேறு வழிகளும் திறந்தே இருக்கும்.

அவளுடைய ஓவியங்கள் அழகாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் இந்த வேலையின் உயிர் எடைக் கணக்கில் இருக்கிறது. 10 மீட்டர் படகு ஒன்றை அப்படியே 20 மீட்டராகப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று அவளிடம் கேளுங்கள். பாயின் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு. காற்று படகைச் சாய்க்கும் திருப்புவிசை 8 மடங்குதான் கூடும், அதை நிமிர்த்தும் திருப்புவிசையோ 16 மடங்கு. அதனால் பெரிய படகு கனமாக இருந்தும் எளிதில் சாயாது. ஆனால் அப்படிச் சாயாமல் நிற்கும்போது பாய்மரத்தின் மீதும் அதைத் தாங்கும் கம்பிகள் மீதும் விழும் பாரம் மிகப் பெரிதாகிவிடும். ஆகவே சின்னப் படகின் வரைபடத்தை நீட்டிப் பெரிய படகு செய்ய முடியாது.

அப்புறம் வசதிகள். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் 1 டன். மின்கலம், ஜெனரேட்டர், குளிர்பெட்டி எல்லாம் எடைதான். ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்பதோடு, எந்த உயரத்தில் இருக்கிறது, முன்னேயா பின்னேயா என்பதும் கணக்கில் வர வேண்டும். உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகு நிமிரும் திறனைக் குறைக்கும். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள அந்த எடை அட்டவணையைச் சலிக்காமல் நிரப்பும் பிள்ளைதான் இந்தத் துறையில் நிலைப்பாள்.

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஆலின் ஸ்டீபன்ஸ் பட்டம் வாங்காமலேயே, 1930இல் கடலில் இறங்கிய ‘டொரேட்’ என்ற பந்தயப் பாய்மரப் படகை வடிவமைத்துப் புகழ்பெற்றாரே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இன்று நிலைமை வேறு. 1979இல் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கடல் பக்கம் போய்வரும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் வீசிய புயலில் 15 மாலுமிகள் இறந்த பிறகு, கவிழ்ந்த படகு தானாக நிமிருமா என்ற கேள்வி ஆராய்ச்சிக்குள் ஆழமாகப் போனது. இப்போது ஐரோப்பாவில் 24 மீட்டர் வரையுள்ள படகை விற்பதற்கே அது எந்தக் கடலுக்கு ஏற்றது என்ற வகைப்பாட்டைக் கணக்குகளோடு காட்ட வேண்டும். அதற்கான சர்வதேசத் தர விதிகள், நிலைத்தன்மைக்கு ஐ.எஸ்.ஓ. 12217, படகு உடலின் வலுவுக்கு ஐ.எஸ்.ஓ. 12215. அந்தக் கணக்குகளைப் படிப்புதான் சொல்லித்தரும்.

இடம் தேடும்போது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களையும் பாருங்கள். படகு உடல் மாதிரிகளை வரிசையாக இழுத்துச் சோதித்து டெல்ஃப்ட் வெளியிட்ட சூத்திரங்களைப் பாய்மரப் படகுக்குத் தண்ணீர் தரும் தடையைக் கணிக்க வடிவமைப்பாளர்கள் பலர் எடுக்கிறார்கள். எந்தக் கல்லூரியானாலும் இழுவைத் தொட்டி, அதாவது படகு மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் நீண்ட நீர்த்தொட்டி, இருக்கிறதா, மாணவர்களை அதில் வேலை செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள்.

பள்ளி முடியும்வரை கணிதமும் இயற்பியலும் தளரக் கூடாது. ரைனோ போன்ற முப்பரிமாண வரைபட மென்பொருளை விடுமுறையில் பழகிக்கொள்ளட்டும், அவசரமில்லை. அதைவிட முக்கியம், ஒரு சின்னப் பாய்மரப் படகில் ஏறிப் பழகுவது. காற்று திடீரென்று கூடும்போது சுக்கான் கையை இழுக்கும் விதத்தை உணர்ந்தவள், சுக்கானை எங்கே வைப்பது என்பதைக் கூடுதல் கவனத்தோடு வரைவாள். இந்த ஆண்டு பணம் செலவழிப்பதென்றால் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.