கூடைப்பந்தைக் காரணம் காட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 26, பள்ளி நாள்களிலிருந்தே கூடைப்பந்து ஆடுகிறாள். தை மாதம் திருமணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர், “பெண்ணை டாக்டரிடம் காட்டி ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள்” என்கிறார். விளையாட்டினால் கன்னித்திரை கிழிந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் எழுதித் தந்தால் பேச்சு அடங்கும் அல்லவா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: அம்மா, அப்படி ஒரு சான்றிதழை நேர்மையான மருத்துவர் எவரும் தர மாட்டார். பிறப்புறுப்பைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு உடலுறவு அனுபவம் உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய பரிசோதனையே கிடையாது.

கன்னித்திரை என்றதும், மிருதங்கத்தின் தோலைப் போல வாயிலை முழுவதும் மூடிய ஒன்றைப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி மூடியிருந்தால் மாதவிடாய் இரத்தம் வெளியேற வழி ஏது? மிகச் சிலருக்கு அது பிறவியிலேயே மூடியிருப்பதுண்டு. அவர்களுக்குப் பருவமடைந்ததும் இரத்தம் உள்ளேயே தேங்கி வயிற்று வலி வரும், சிறிய அறுவை சிகிச்சையும் தேவைப்படும். மற்றவர்களுக்கு அது யோனி வாயிலின் ஓரத்தில் வளையமாகவோ பிறை வடிவிலோ அமைந்த மெல்லிய மடிப்பு மட்டுமே. பருவ வயதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதை நெகிழச் செய்வதால், அது கிழியாமலேயே விரிந்து கொடுக்கும். சிறு காயம் பட்டாலும் பெரும்பாலும் தடயமின்றி ஆறிவிடும். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பமாக இருந்த பதின்பருவப் பெண்கள் 36 பேரில் 2 பேரிடம் மட்டுமே உறவு நிகழ்ந்ததற்கான உறுதியான அடையாளம் தென்பட்டது. முதல் உறவில் இரத்தம் கசியாத பெண்கள் ஏராளம். கசிந்தாலும் பதற்றம், வறட்சி, அவசரம் ஆகியவையே பல நேரங்களில் காரணம்.

கூடைப்பந்தைக் காரணம் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். மகளைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, திரை கிழிந்திருந்தால் விளக்கம் தர வேண்டும் என்ற அவர்களுடைய கணக்கை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். எந்த விளையாட்டும் ஆடாத பெண் என்ன விளக்கம் தருவாள்? (மாப்பிள்ளையிடம் யாரும் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.)

கன்னித்தன்மைப் பரிசோதனையைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. பாலியல் வன்முறை வழக்குகளில், யோனிக்குள் இரு விரல்களைச் செலுத்திப் பெண்ணுக்கு உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாக நடந்துவந்த இருவிரல் பரிசோதனையைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதைச் செய்பவர் நடத்தைக் குற்றம் புரிந்தவராவார் என்று அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்ற வழக்கிலேயே ஏற்கப்படாத ஒன்றைக் கல்யாணப் பேச்சில் கேட்பது எந்த வகையிலும் தகாது.

அந்தப் பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதை மகளிடம் கலந்து பேசி முடிவு செய்யுங்கள், உடல் அவளுடையது. திருமணத்துக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் இருவருமே போகட்டும்: தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு), எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று) ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை இருவருக்கும் பொது. ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி மகளுக்குத் தேவைப்பட்டால், அதன் பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டியிருப்பதால், தை வரை காத்திராமல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.