பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கம்பெனியில் இரண்டு மாதம் முன்பு இரவில் அமோனியா கசிந்தது, கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவிக்கு இன்னும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கம்பெனி ஆள் 10,000 ரூபாயோடு ஒரு 20 ரூபாய் பத்திரத்தையும் நீட்டுகிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் மூன்றாவது வரியைப் பாருங்கள்: "இனி எந்த நீதிமன்றத்திலும் எந்த உரிமையும் கோரமாட்டேன்." அந்த ஒரு வரிக்குத்தான் பத்தாயிரம்.

அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. கண், தொண்டை, மூச்சுக்குழாய் என்று ஈரம் இருக்கிற இடத்தில் கரைந்து அரிக்கும். நிறையப் பேருக்குச் சில நாளில் சரியாகிவிடும், ஆனால் ஒரே தடவை பலமாகச் சுவாசித்த சிலருக்கு ஆஸ்துமா மாதிரியே மாதக்கணக்கில் இழுக்கும். எக்ஸ்ரே நார்மல் என்று சொன்னார்களாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்ட முடியாது. நெஞ்சக நோய் மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) எடுங்கள், என்றைக்கு எந்த வாயுவை மனைவி சுவாசித்தார் என்பதை மருத்துவரையே கைப்படச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஓ.பி. சீட்டில் "இருமல், கண் எரிச்சல்" என்று மட்டும்தான் இருக்கிறது, அமோனியா என்ற வார்த்தையே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார். அன்றிரவு அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டிருந்தால் அதன் நகலை வாங்குங்கள். தனியார் மருத்துவமனை என்றால், ரெக்கார்டு கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வந்து பார்த்திருந்தால், அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்.

வழக்கு என்றால், போக வேண்டிய இடம் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்க 5 வருடம் இருக்கிறது, ஆனால் சாட்சிகளின் ஞாபகம் அவ்வளவு நாள் தாங்காது. கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, கசிந்தது, அதனால் பாதித்தது, இரண்டும் போதும். 1985இல் டெல்லியில் ஒலியம் வாயு கசிந்த வழக்கிலேயே, ஆபத்தான தொழில் நடத்துபவர் "நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் புகாரையும் தனியாகக் கொடுங்கள், ஆனால் அது தண்டனைக்கு, அதை நம்பி இழப்பீட்டை ஆறப்போடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயம் வேண்டாம், பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே உங்கள் மனைவிக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்கு அவரையே பேசச் சொல்லுங்கள்.

சரி, மருந்துக்கு இப்போதே பணம் வேண்டும் என்றால்? வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பத்திரத்தில் அல்ல. "இடைக்கால மருத்துவச் செலவுக்கு மட்டும், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்று வெள்ளைத்தாளில் நீங்களே ரசீது எழுதி நீட்டுங்கள். அதற்கு அந்த ஆள் ஒத்துக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.