‘அம்மா என்னைத் திருடி என்கிறார்’ – முதியோர் நலம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் அம்மாவுக்கு வயது 78. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு அவருடனேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் மாறிவருகிறார். பணப்பையையும் பீரோச் சாவியையும் எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, நான்தான் எடுத்துவிட்டேன் என்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னிலையில் என்னைத் திருடி என்றே சொல்லிவிட்டார். தொலைவில் இருக்கும் அண்ணனிடமும் தங்கையிடமும் தொலைபேசியில் தெளிவாகப் பேசுகிறார். அதனால் ‘அம்மா நன்றாகத்தானே இருக்கிறார், உனக்குத்தான் பொறுமை இல்லை’ என்று அவர்கள் என்னைக் கடிந்துகொள்கிறார்கள். அம்மா வேண்டுமென்றே இப்படிச் செய்கிறாரா?

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மறதி நோய், அதாவது டிமென்ஷியா, என்று சந்தேகிக்க நிறைய இடமிருக்கிறது. பொருளை ஒளித்து வைப்பதும், பிறகு அதைக் காணவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் மீது பழி போடுவதும் இந்நோயில் அடிக்கடி காணப்படுபவை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் 1901-ஆம் ஆண்டு அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பரிசோதித்த 51 வயதுப் பெண்ணிடம் முதலில் தென்பட்டது மறதிகூட அல்ல, கணவர் மீதான சந்தேகம். அந்தப் பெண் வீட்டுப் பொருள்களை இங்குமங்கும் தூக்கிச் சென்று ஒளித்து வைத்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். 1906-இல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை ஆராய்ந்து அவர் விவரித்த நோயே இன்று அல்சைமர் நோய் என்று அவர் பெயரால் வழங்குகிறது; மறதி நோயின் வகைகளில் மிகுதியாகக் காணப்படுவது அதுதான். நோயைப் பற்றிய முதல் குறிப்பிலேயே உங்கள் வீட்டுக் காட்சி இருக்கிறது.

சாவியை இடம் மாற்றி வைத்த நினைவு உங்கள் அம்மாவின் மூளையில் பதிவதே இல்லை. ஆனால் வழக்கமான இடத்தில் சாவி இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தான் எடுக்கவில்லை, சாவியும் இல்லை என்றால் வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும் என்பது, அவர் நிலையில் இருந்து பார்த்தால், நேர்மையான முடிவுதான். வீட்டில் இருக்கும் அந்த ‘வேறு யாரோ’ நீங்கள் ஒருவரே. யார் அதிகமாகப் பார்த்துக்கொள்கிறாரோ அவரே அதிகமாகப் பழி சுமக்க நேர்வது இந்நோயின் கொடுமைகளில் ஒன்று.

ஆகவே ‘நான் எடுக்கவில்லை’ என்று வாதாடுவதில் பயன் இல்லை. ‘காணோமா அம்மா? வாருங்கள், சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஒளிக்கும் இடங்கள் பெரும்பாலும் நான்கைந்துதான் இருக்கும். அவற்றை நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டாலும், பொருளை அவர் கையாலேயே கண்டெடுக்கும்படி விடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால், ஒளித்து வைத்தவளே எடுத்துத் தருகிறாள் என்று தோன்றிவிடும். சாவிக்கு நகல் செய்து வையுங்கள். அதே போன்ற பணப்பை இன்னொன்று இருக்கட்டும். குப்பைக் கூடையைக் கொட்டுமுன் ஒருமுறை கிளறிப் பாருங்கள். சண்டை நடந்ததை அவர் அரை மணி நேரத்தில் மறந்துவிடலாம், ஆனால் அதனால் வந்த பதற்றம் அவரிடம் மாலை வரை தங்கியிருக்கும்.

உடன்பிறந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்து நிமிட உரையாடலில் நலம் விசாரிப்பதும் பழகிய வார்த்தைகளைச் சொல்வதும் இந்நோயில் நெடுங்காலம் அழியாமல் நிற்கும் திறன்கள். விருந்தினர் முன்னிலையில் நோயாளி சிறிது நேரம் தன்னைத் திரட்டிக்கொள்வதும் உண்டு. தொலைபேசியில் நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் இது அவர்களுக்குப் புரியாது. அண்ணனோ தங்கையோ ஒரு வாரம் வந்து, இரவுகள் உட்பட, முழுப் பொறுப்பையும் ஏற்கட்டும். அந்த வாரம் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தள்ளிப் போடாதீர்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவை மறதி நோய் போலவே தோற்றம் தரலாம், அல்லது இருக்கும் நோயை மிகுதிப்படுத்தலாம். கண்புரையும் காது மந்தமும் சந்தேகத்தை வளர்க்கும். அல்சைமர் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில் போன்றவை சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைக் குறைக்கும். ஆனாலும் சீக்கிரம் கண்டறிந்தால், தன் சிகிச்சை பற்றியும் சொத்து பற்றியும் தன் விருப்பத்தை அம்மாவே சொல்வதற்கு நேரம் கிடைக்கும். இன்னொன்று, சற்று சங்கடமானது: மறதி நோய் உள்ளவர்களிடம் உண்மையிலேயே திருடுபவர்களும் இருக்கிறார்கள். நோய் உறுதியான பிறகும், பணம் காணவில்லை என்று அவர் சொன்னால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 81, நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லாதவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லிக் கத்தினார். காலையில் தெளிவாக இருந்தார், மாலையில் மறுபடியும் குழம்பினார். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, இரண்டு நாள்களாகக் கத்தாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறார். இதை நல்ல அறிகுறி என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி இவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முந்தைய கடிதத்தில் மாற்றம் வந்தது இரண்டு ஆண்டுகளில். இதில் வந்தது ஒரே இரவில். நோயைப் பிரித்தறிய இதைவிட எளிய அளவுகோல் குடும்பத்தார் கையில் இல்லை. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தொடங்கி, ஒரே நாளுக்குள் ஏறியும் இறங்கியும் காணப்படும் குழப்பத்திற்கு டெலிரியம் என்று பெயர். பெரும்பாலும், மூளைக்கு வெளியே உடம்பில் ஏதோ தவறியிருக்கிறது என்பதை மூளை அறிவிக்கும் விதம் அது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, பல நாள் மலச்சிக்கல், அடங்காத வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. குழப்பம் மட்டுமே வெளியே தெரியும்.

கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சோர்ந்து, பேச்சுக் குறைந்து, தூங்கிக்கொண்டே இருக்கும் டெலிரியத்தையோ ‘ஓய்வெடுக்கிறார்’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்த அமைதியான வகைதான் கண்டுபிடிக்கப்படாமல் போவது அதிகம்.

காரணத்தைத் தேடி மருத்துவர் சிகிச்சை செய்யும் அதே நேரத்தில், அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள். கண்ணில் படும் இடத்தில் கடிகாரம் இருக்கட்டும். பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் வேண்டும். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருந்தால் அது மருந்துக்குச் சமம். கட்டிலோடு கட்டி வைப்பது குழப்பத்தை மிகுதிப்படுத்தவே செய்யும். பெரும்பாலோர் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தெளிவடைகிறார்கள். சிலருக்கு மாதங்கள் ஆகும். தெளிந்த பின்னும் அவர் நினைவாற்றலை ஓராண்டு கவனித்து வாருங்கள், ஏனெனில் டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

கேள்வி: என் மாமியார் மூன்று மருத்துவர்கள் எழுதித் தந்த 11 மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். படுக்கையில் இருந்து எழும்போது தலை சுற்றுகிறது என்கிறார். எதை நிறுத்தலாம்?

பதில்: நீங்களாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதிய நோய் என்று எண்ணி, அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது அடிக்கடி நடக்கிறது. ரத்த அழுத்தத்திற்குத் தரும் அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். வீக்கத்திற்குச் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை சேர்ப்பார்கள். அதனால் எழுந்தால் தலை சுற்றும். பிறகு தலைசுற்றலுக்கும் ஒன்று சேரும்.

ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நிற்க வைத்து ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால், அதுவே அவர் ஒரு நாள் விழப் போதுமான காரணம். அதுவரை, கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழட்டும்.

கேள்வி: எனக்கு வயது 76. மனைவி பேசுவது காதில் விழுகிறது. என்ன பேசுகிறார் என்பதுதான் புரிவதில்லை. உரக்கப் பேசினால் எரிச்சல் வருகிறது. 45 ஆண்டு இல்லறத்தில், இப்போது நாளுக்கு நான்கு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. ‘வேண்டியது மட்டும் கேட்கிறது’ என்று குத்திக் காட்டுகிறார். மகன் வாங்கித் தந்த காதுக் கருவி ஒரே இரைச்சலாக இருந்ததால் எடுத்து வைத்துவிட்டேன்.

பதில்: உங்கள் கடிதத்தை மனைவியும் சேர்ந்து படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன். முதுமையில் செவித்திறன் குறையும்போது முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். பேச்சில் உயிர் ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், வலுவாக இருக்கும். மெய் ஒலிகள் பலவும் உயர்ந்த அதிர்வெண்ணில், மெலிவாக இருக்கும். ஆகவே உங்கள் காதில் உயிர் விழுகிறது, மெய் விழுவதில்லை. காசு, காது, காடு என்ற மூன்றிலும் ஆகாரமும் உகரமும் கேட்கும்; எந்தச் சொல் என்று தீர்மானிக்கும் நடு எழுத்து நழுவிவிடும். எதிரில் நின்று ஒருவர் நிதானமாகப் பேசினால், உதட்டைப் பார்த்தும் இடம் பார்த்தும் மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. வேறு அறையில் இருந்து கேட்டால் முடிவதில்லை. ‘வேண்டியது மட்டும் கேட்கிறது’ என்ற பட்டம் வந்தது இப்படித்தான்.

கத்துவதால் உயிர் ஒலிதான் பெரிதாகிறது, மெய் தெளிவாவதில்லை. தவிர, தேய்ந்த உட்செவிக்கு மெல்லிய ஒலி கேட்காது, சற்று உயர்ந்த ஒலியோ தாங்க முடியாமல் இருக்கும். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் குணம் அல்ல, காது. உங்கள் மனைவி எதிரே வந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இயல்பான குரலில் பேசட்டும். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லட்டும்.

கருவியை மறுபடி எடுங்கள். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, செவித்திறன் சோதனை செய்து, அந்த அளவுக்கு ஏற்பக் கருவியைச் சரி செய்யச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக வராத ஒலிகள் திரும்ப வரும்போது மூளைக்கு அவை இரைச்சலாகவே தோன்றும்; பழகச் சில வாரங்கள் ஆகும். அமைதியான அறையில், மனைவியின் குரலோடு தொடங்குங்கள். யாருக்காவது ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாள்களுக்குள் கேட்காமல் போனால், அது முதுமையால் வருவது அல்ல. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 66, மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. 71 வயதான நானே எல்லாம் செய்கிறேன். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுப்புகிறார். சென்ற வாரம் தூக்கக் கலக்கத்தில் கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவன் மனைவி என்பது போய், நர்ஸும் நோயாளியுமாக ஆகிவிட்டோம். மகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: ஓங்கிய கையை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன், அதற்காக அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். மறுபடி அப்படிக் கோபம் ஏறினால், அவர் விழாதபடி படுக்க வைத்துவிட்டு, பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். மகளிடம் இன்றே சொல்லுங்கள். உங்கள் வெட்கத்தைவிட அவர் தாயின் பாதுகாப்பு பெரிது.

உங்கள் கோபத்தின் வேர் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தூக்கமின்மை என்று நினைக்கிறேன். இரவில் அத்தனை முறை சிறுநீர் வருவதை விதியென்று ஏற்க வேண்டியதில்லை. பகல் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் கால்களில் தேங்கும் நீர், படுத்தபின் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராக வெளியேறும். பிற்பகலில் இரண்டு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்தால் அது குறையலாம். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால், எந்த நேரத்தில் தருவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பெரும்பகுதியை மாலைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கட்டிலருகே கமோடு நாற்காலி இருந்தால் பாதி வேலை மிச்சம். வாரத்தில் இரண்டு இரவாவது மகளோ கூலிக்கு அமர்த்திய உதவியாளரோ விழித்திருக்கட்டும்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது ஆகியவற்றில் ஒன்றையாவது பிறரிடம் விட்டுவிடுங்கள். உதவியாளர் குளிப்பாட்டி முடித்ததும் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரி விடுவது கணவனின் வேலை. உடல்நிலை சீரான பிறகு, பக்கத்தில் படுப்பதற்கோ தாம்பத்திய உறவுக்கோ பக்கவாதம் பொதுவாகத் தடை அல்ல. கேட்கக் கூச்சப்பட்டே பலர் விலகிப் படுத்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது, அதற்கு மருந்தும் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தாலா சோர்வாலா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும்.

இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தில் மனைவியின் ரத்த அழுத்தத்தை நான்கு முறை எழுதியிருக்கிறீர்கள், உங்களுடையதை ஒருமுறைகூட எழுதவில்லை. அடுத்த முறை அவருக்காக மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது, உங்கள் பெயரிலும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.